வழிமொழிய மறுத்த ஜெயசீலி சிஸ்டர்

போன வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து ஃபஹாஹீல் கடற்கரைச் சாலையில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தபோது ஊரில் நாசரேத்திலிருந்து போன் வந்தது. ஜெயசீலி சிஸ்டரின் தம்பி பேசினார். "அக்கா காலையில போயிட்டா. தூக்கத்துலயே." நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. முதலில் வந்தது துக்கம்கூட இல்லை, ஒருவிதப் பதற்றம். எனக்கும் அவருக்கும் இடையே ஒரு வாக்குவாதம் வருடக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. அடுத்த லீவில் நேரில் வந்து முடித்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இனி யாரோடு முடிப்பது?

நம் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்தின் பழைய ஆட்களுக்கு அவரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். சிஸ்டர் இந்த வளைகுடா நாட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ அறை நர்ஸாக இருந்தவர். நம் பிள்ளைகளில் பாதிப் பேரை முதலில் கையில் வாங்கியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கருக்கலைப்பு விஷயத்தில் அவரைவிடக் கண்டிப்பானவரை நான் பார்த்ததில்லை. ஊரில் இளம் நர்ஸாக இருந்தபோது அந்த அறுவைக்கு உதவியாக நிற்க மாட்டேன் என்று மறுத்திருக்கிறார். "சட்டமே அனுமதிக்குது, நீ யாரு?" என்று டாக்டர் சத்தம் போட்டாராம். "சட்டம் உங்களுக்கு அனுமதி குடுத்திருக்கு சார். எனக்கு உத்தரவு போடல்லையே" என்றாராம் சிஸ்டர். அதோடு அவரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

இரண்டாயிரத்து நான்கில், ஊரில் பாராளுமன்றத் தேர்தல் வந்த சமயம், அமெரிக்காவில் குடியேறிய ஒரு தமிழ்ப் போதகர் நம் கூட்டத்துக்கு வந்தார். அங்கே விசுவாசிகள் இந்த ஒரு காரியத்தை வைத்தே ஓட்டுப் போடுகிறார்கள் என்றார். "உங்கள் ஓட்டு பிறக்காத பிள்ளையின் குரல்" என்றார். நமக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த நாட்டில் நமக்கு ஓட்டு கிடையாது. ஊர்ப் பட்டியலில் பெயர் மிச்சமிருந்தாலும் போட நாம் அங்கே இருப்பதில்லை. யாரும் கேட்காத நம்மிடம் ஒருவர் வந்து உங்கள் ஓட்டு பெரியது என்றால் யாருக்குத்தான் சிலிர்க்காது? அப்போது நான் செயலாளர். லீவில் போகிறவர்கள் கருக்கலைப்புச் சட்டத்தை எதிர்க்கும் வேட்பாளருக்கே ஓட்டளிக்க வேண்டும், மற்றவர்கள் வீட்டாருக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்மானம் தயாரித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கை உயர்த்தி நிறைவேற்றுவதாக ஏற்பாடு. வழிமொழிகிறவர் ஜெயசீலி சிஸ்டர். அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு மதியம் சிஸ்டர் என் ஆபீசுக்குப் போன் செய்தார். "தம்பி, வண்டிய எடுத்துட்டு உடனே வாங்க. எதுவும் கேக்காதிய."

அவர் சொன்ன இடத்தில், ஒரு பழைய கட்டிடத்தின் ரூமில் ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். கலா என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் அதுவல்ல. திருவாரூர்ப் பக்கம், கணவன் இல்லை, ஊரில் இரண்டு பிள்ளைகள். ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். எஜமானியின் பிரசவத்துக்குத் துணையாக வந்தபோது சிஸ்டரோடு பழக்கம். கருவைக் கலைக்க யாரிடமோ மாத்திரை வாங்கி விழுங்கியிருந்தாள். விரிப்பு முழுக்க ரத்தம்.

வண்டியில் சிஸ்டர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரி வேணாங்க்கா," என்றாள் அவள். "புடிச்சு உள்ள போட்டுருவாங்க. எம் புள்ளைங்க என்ன பண்ணும்?" அவள் பயந்தது சரிதான். கணவன் இல்லாமல் கர்ப்பம் என்றால் இங்கே குற்றம். ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சிஸ்டர் அவள் வயிற்றை அழுத்திப் பிடித்தபடி என்னிடம் மட்டும், "வேகமாப் போங்க" என்றார்.

அவசரப் பிரிவில் குமாஸ்தா கணவன் பெயரைக் கேட்டான். "ஹஸ்பண்ட் மாஃபி," என்றார் சிஸ்டர். கணவன் இல்லை. அவன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "அப்புறமா என்னை நல்லாப் பாரு. முதல்ல ரத்தத்த நிறுத்தச் சொல்லு" என்று இந்தியில் கத்தினார். சிஸ்டர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

கலா பிழைத்தாள். குழந்தை இல்லை. சாயங்காலம் போலீஸ் வந்தது.

வெள்ளிக்கிழமை நான் தீர்மானத்தை வாசித்தேன். வழிமொழிய சிஸ்டர் எழுந்தார். பிறகு சொன்னார்: "என்னால முடியாது. அந்தப் பொண்ணு ரெண்டு மாசத்துக்கு முன்னால எங்கிட்டதான் வந்து நின்னா. கலைக்க வழி கேட்டா. அது பாவம், பெத்துக்கோன்னு சொன்னேன். ஜெபம் பண்ணி அனுப்பினேன். பெத்துக்கோன்னு சொன்னேனே ஒழிய, எங்க வச்சுப் பெத்துக்கன்னு நான் சொல்லல்ல. கலைக்கக் கூடாதுன்னு நம்ம கேக்குத சட்டம் இந்த ஊர்ல இருக்கு. பிள்ளையும் போச்சு, அவளும் உள்ள போயிட்டா. அப்படி வாரவளுக்கு இந்த ஐக்கியத்துல யாரு கதவத் திறப்பா? அதையும் தீர்மானத்துல எழுதுங்க. ரெண்டு கையையும் தூக்குதேன்."

யாரும் எழுதவில்லை. அப்படி ஒருத்தியை வீட்டில் வைத்தால் விசா போய்விடும் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதும் பொய்யல்ல. வேறொருவர் வழிமொழிந்தார். கைகள் உயர்ந்தன. சிஸ்டரின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் வாக்குவாதம். "திருட்டுக்கும் சட்டம் வேண்டாம், மனசாட்சி போதும்னு சொல்லுவீங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன்," என்றார். "அப்படின்னா உயிருக்குச் சட்டம் வேண்டாமா?" "தெரியல்ல தம்பி. வேண்டாம்னு சொன்னா அந்தப் பிள்ள கண்ணுக்குள்ள வருது. வேணும்னு சொன்னா கலா வாரா. ரெண்டு பேர்ல ஒருத்தர வெளிய தள்ளிக் கதவச் சாத்த என்னால ஆவல்ல." அது பதிலா என்று கோபப்பட்டிருக்கிறேன். இப்போதும் அந்தக் கோபம் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் கலாவை ஊருக்கு அனுப்பும்வரை வாராவாரம் சோப்பும் மாற்றுத்துணியும் எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனது அவர் ஒருவர்தான். போலீஸ் விவகாரத்தில் பெயர் வந்ததால் அவரைப் பிரசவ அறையிலிருந்து எடுத்து வெளிநோயாளிகள் பிரிவில் போட்டார்கள். ஒருமுறை நம்மில் ஒருவர் மனைவிக்குப் பிரசவ வலி கண்டபோது, அந்த அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து அவர் நின்றதைப் பார்த்தேன். உள்ளே பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் டியூட்டிக்குப் போய்விட்டார்.

ஊரோடு போய்விட்ட பிறகு, இந்த வருடத் தேர்தலில் அவருக்கு ஓட்டு இருந்தது. அன்று நான் போன் செய்தேன். "போட்டீங்களா சிஸ்டர்?"

"போட்டேன். ரொம்ப நேரம் வரிசையில நின்னேன். பட்டன அமுக்கிட்டு வெளிய வந்து அழுதுட்டேன்."

"யாருக்குப் போட்டீங்க?"

"அது எனக்கும் கர்த்தருக்கும். ஆனா தம்பி, ஓட்டு கேட்டு வீட்டுக்கு வந்த ஒருத்தனையும் விடல்ல. பிள்ளையும் வேணும், தாயும் வேணும், ரெண்டு பேருக்கும் சேத்து என்ன செய்வியன்னு கேட்டேன். எல்லாரும் துண்டுக் காயிதத்தக் குடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாவ."

சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

கருக்கலைப்பு பாவம் என்றுதான் இன்றும் நம்புகிறேன். சிஸ்டரும் அப்படி நம்பித்தான் போனார். ஆனால் அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க அவர் என்னை விடவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த நிம்மதியின்மைதான். இந்த வாரம் முழுக்க என் மனைவியோடு ஒரு விஷயம் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு ரூம் காலியாக இருக்கிறது, கலாவைப் போல ஒருத்தி வந்தால் கொடுக்கலாமா என்று. விசா பயம் எங்களுக்கும் உண்டு. மனைவிக்கு என்னைவிட அதிகம். நேற்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்காமலே, "வரட்டும்ங்க, யாராவது வந்தா பாத்துக்கலாம்" என்றாள்.