எழுபதாவது மாடியும் ஆட்டிறைச்சிக் கறியும்

பாரிஸிலிருந்து வந்த மச்சானை இன்று லண்டனின் ஆக உயரமான கட்டிடத்தின் உச்சிக்குக் கூட்டிப்போனேன். நான் முப்பது தரம் ஏறின ஆள் என்று ரயிலிலேயே சொல்லி வைத்திருந்தேன்.

எழுபதாவது மாடியில் கால் வைத்ததும்தான் நினைவு வந்தது. வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி அடுப்பில்!

வேலைக்குப் போன என்ரை மனுசி போனை எடுக்கவில்லை. தெற்குப் பக்கக் கண்ணாடியோரம் நூறு மைல் நடந்திருப்பேன். நாங்கள் இருக்கும் டூட்டிங் திசையில் ஒரே புகை.

"மச்சான், எங்கடை வீடுதான் எரியுது!"

"அத்தான், அது முகில்."

இறங்கப்போகும்போது மனுசி எடுத்தாள். "வேலைக்கு வெளிக்கிடேக்கையே நான் அடுப்பை நிப்பாட்டிப்போட்டன். நீங்கள் ஆறுதலா ஊரைப் பாருங்கோ."

மேலே ஏறினவர்கள் யாராவது சொல்லுங்கள், தேம்ஸ் ஆறு எந்தப் பக்கம் தெரியும்? முப்பத்தொரு தரம் ஏறியும் எனக்கு மறந்துபோச்சு.