சின்னப் பிள்ளைக்குப் பொய் தெரியாது

என் தம்பி நஸ்ரி கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவன். விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் கிண்ணியாவிலிருந்து பஸ் பிடித்துப் போவான். விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்து, பகல் பதினொரு மணிக்கு வந்து சேருவான். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே வேலைதான், மகளுக்கு உம்மாவாகவும் இருப்பது.

அவன் மனைவி ஸாலிஹா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது, பிள்ளை ஷிஃபானாவுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும். சுவர் எழும்பிக் கூரை ஏறாமல் நின்ற வீடுதான் காரணம். அதன் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார்கள். பால் மணம் மாறாத பிள்ளையை விட்டுவிட்டுப் போகாதே என்று நான் சண்டையே பிடித்தேன். நான் சொல்லி யார் கேட்டார்கள்? இரண்டு வருட ஒப்பந்தம்தானே, கண் மூடித் திறக்க ஓடிவிடும் என்றார்கள். என் வீடு அடுத்த வளவு. காலை நேரத்தில் பிள்ளை என்னிடம்தான் இருந்தாள்.

ஸாலிஹா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு போன் எடுப்பாள். அங்கே வீட்டு எசமானி கமராப் போன் வைத்திருக்க விடவில்லை. குரல் மட்டும்தான் வரும். "சோறு திண்டயா மகள்?" என்று கேட்பாள். ஷிஃபானா தலையை ஆட்டுவாள். முழங்காலில் காயம் என்றால் காலைத் தூக்கிப் போனுக்கு நேரே பிடிப்பாள். தான் காண்பதை உம்மாவும் காண்கிறாள் என்றுதான் மூன்று வயதுக்காரியின் எண்ணம். அந்தப் பக்கம் ஸாலிஹா, "ஏன் கதைக்கிறா இல்ல? என்னோட கோபமா?" என்று அழத் தொடங்குவாள்.

"தலையாட்டுறா ஸாலிஹா. கால்ல சின்னக் காயம், அத உனக்குக் காட்டுறா" என்று நஸ்ரி எடுத்துச் சொல்லுவான். கிழமைக்குக் கிழமை அவனுக்கு இதே உத்தியோகம்.

தலை பின்னவும் என்னிடம்தான் பழகினான். முதல் கிழமை பிள்ளையின் தலை குருவிக்கூடு மாதிரி இருந்தது. துறைமுகத்தில் அவனுக்கு 'ஆயா' என்று பட்டம் வைத்தார்கள். சிரித்துக்கொண்டே ஐஸ் உடைப்பானாம். ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது, ஷிஃபானா தன் கை உடைந்த பொம்மையைக் கொண்டுவந்து அவன் நெஞ்சில் வைத்தாள். தனக்கு ஆறுதல் தருவது எல்லோருக்கும் தரும் என்று நினைப்பு. காய்ச்சல் விடும்வரை அவனும் அந்தச் சனியனைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

நாலு வயது நெருங்கியதும் பிள்ளை மாறிவிட்டாள். போனில் வாய் திறந்து "ஓம் உம்மா" என்றாள். வாப்பாவுக்குத் தலையிடி என்றால் இப்போது பொம்மை வருவதில்லை. "வாப்பாக்குத் தேத்தண்ணி போடுங்க மாமி" என்று என்னிடம் ஓடிவருவாள். ஒவ்வொருவர் தலைக்குள்ளும் வேறு வேறு நினைப்பு ஓடுகிறது என்பது அவளுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. நான் பூரித்துப்போனேன், மடைச்சி.

நஸ்ரியின் பழைய போன் ஐஸ் தண்ணீருக்குள் விழுந்து, அதிலிருந்த படங்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. ஒருநாள் அலுமாரி துப்புரவு செய்யும்போது ஸாலிஹாவின் பாஸ்போட் படம் ஒன்று அகப்பட்டது.

"இது ஆரு மகள்?" என்று கேட்டேன்.

"தெரியா. ஆரு மாமி?" என்றாள்.

என் முகம் சுருங்கிப்போனது. அவள் அதைக் கவனித்தாள். பின்னேரம், நான் சொன்னதைக் கேட்டு நஸ்ரி அதே படத்தைக் காட்டிக் கேட்டபோது, முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள், "உம்மா" என்றாள். அவள் உம்மாவை அடையாளம் காணவில்லை, எங்களைத்தான் படித்திருந்தாள்.

ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கையில், இன்னும் இரண்டு வருடம் நில் என்று எசமானி கேட்டாள். வீடு கூரை இல்லாமல் கிடந்தால் கிடக்கட்டும், ஸாலிஹா வந்தால் போதும் என்று நஸ்ரி என்னிடம் சொன்னான். அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவள் அங்கே படுகிற பாட்டுக்கு முன்னால் தன் தனிமையைச் சொல்ல வெட்கப்பட்டான். கடைசியில் ஸாலிஹாவே ஒரு வழி சொன்னாள்.

"வாற வெள்ளிக்கிழமை நான் பிள்ளையிட்டயே கேக்கிறன். என்னை மறந்திருந்தா ஒப்பந்தம் முடிஞ்ச உடனே வந்திடுவன். மறக்காட்டி, நிண்டு கூரையப் போட்டிட்டு வாறன். சின்னப் பிள்ளைக்குப் பொய் தெரியாதுதானே?"

"ஞாபகம் இல்ல எண்டு சொல்லப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுடா. உண்மை அதுதானே" என்றேன்.

"ஏலாது ராத்தா. தாயை மறந்திட்டன் எண்டு பிள்ளைட வாயால சொல்ல வைக்க எனக்கு ஏலாது. அவ தானாச் சொல்லட்டும்" என்றான். தானாகவே சொல்லுவாள் என்று முழுசாக நம்பியிருந்தான். வியாழக்கிழமை வரும்போது, ஸாலிஹா வந்தால் படுக்கவென்று புதுப் பாய் ஒன்று வாங்கி வந்தான்.

வெள்ளிக்கிழமை போனை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தான்.

"மகள், உம்மாட முகம் ஞாபகம் இரிக்கா?"

பிள்ளை வாயைத் திறந்தாள். ஆனால் ஸாலிஹாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு விம்மல் கேட்டது. ஷிஃபானா திறந்த வாயை மூடிக்கொண்டு போனையே உற்றுப் பார்த்தாள்.

"ஓம் உம்மா. நல்லா ஞாபகம் இரிக்கி. நீங்க நல்ல வடிவு" என்றாள்.

ஸாலிஹா சிரித்தாள். குவைத்துக்குப் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. "அல்ஹம்துலில்லாஹ்! கேட்டீங்களா, பிள்ளை என்னை மறக்கல்ல. அப்ப நான் நிக்கிறன். என்ன சொல்றீங்க?"

உண்மையைச் சொல்லிவிடு என்று நான் நஸ்ரியின் கையைக் கிள்ளினேன். தான் உண்மையைச் சொன்னால் தாய்க்கு முன்னால் பிள்ளை பொய்க்காரியாவாள், ஸாலிஹாவுக்குக் கிடைத்த அந்தச் சிரிப்பும் போய்விடும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். "பிள்ளையே சொல்லிட்டாதானே. நிண்டு முடிச்சிட்டு வா" என்றான். எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்துதான் இருக்க வேண்டும்.

போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். தான் ஏதோ நல்லது செய்துவிட்ட பெருமையோடு ஷிஃபானா போய் அவன் காலைக் கட்டிப்பிடித்தாள். அண்ணாந்து பார்த்ததும் அவள் முகம் வாடிப்போனது.

"உம்மா சிரிச்சாதானே வாப்பா? நீங்க ஏன் அழுறீங்க?"

ஒரு சொல்லால் அழுகிறவளைச் சிரிக்க வைக்கலாம் என்று கண்டுபிடித்திருந்தாள். அதே சொல் பக்கத்தில் நிற்பவனை அழ வைக்கும் என்பது அவள் இன்னும் அறியாதது.

நஸ்ரி சாரத்தைத் தூக்கி முகத்தைத் துடைத்தான். "நான் அழயில்ல மகள்" என்று பல்லைக் காட்டிச் சிரித்தான்.

பிள்ளை அதை நம்பவில்லை.