கப்பலடியில் கூடிய கிராம சபை

2024 நவம்பர் 21, வியாழக்கிழமை. விடியற்காலை முதல் வடகீழ்க் காற்று, விட்டுவிட்டுத் தூறல். அந்தமானின் மாயாபந்தருக்கு வெளியே கடல் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது.

ஒன்பதரை மணிக்குத் தொடங்க வேண்டிய கிராம சபைக்குப் பத்து மணி வரை வந்தவர்கள், செய்தி எழுதச் சென்றிருந்த என்னை விட்டால், முப்பத்தொரு பேர். அவர்களுள் பதினெட்டுப் பேர் பகல் பராமரிப்பு மையத்தின் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் ஆவர். பஞ்சாயத்து மண்டபத்துக்குப் பதினொரு படிகள். அந்தப் படிகளில் அவர்களை ஒவ்வொருவராகத் தூக்கியும் தாங்கியும் ஏற்றியவர், மையத்தின் வேன் ஓட்டுநர் கஸ்பார்.

கஸ்பாருக்கு ஐம்பத்தேழு வயது. அவருடைய தந்தை இடிந்தகரையிலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கியவர். கஸ்பாரும் இருபத்திரண்டு ஆண்டுகள் வலை இழுத்தார். முழங்கால் கெட்டபின் ஓட்டுநர் உரிமம் பெற்றார். ஆறாண்டுகளுக்கு முன் பஞ்சாயத்து அந்த மையத்தைத் தொடங்கியபோது வேன் அவர் கைக்கு வந்தது. பக்கவாதத்தால் கால்கள் செயலிழந்த நாகரத்தினத்தை முதல் நாள் அவர் அலாக்காகத் தூக்கி இருக்கையில் வைத்தபோது, “ஏம்ப்பா, நான் என்ன சூரை மீனா? மெல்ல வையி” என்று கிழவர் சத்தம் போட்டார். அன்றே கஸ்பார் மையத்தின் செவிலியரிடம் சென்று, ஒருவரை எப்படித் தூக்க வேண்டும் என்று முறையாகக் கற்றுக்கொண்டார். வாரத்தில் மூன்று நாள்கள், தொலைவிலுள்ள வீட்டிலிருந்து தொடங்கி இருபத்தாறு பேரை அழைத்து வருவார். உடற்பயிற்சி, இரத்த அழுத்தப் பரிசோதனை, மதிய உணவு ஆகியவை முடிந்தபின் வந்த வரிசையிலேயே கொண்டுபோய் விடுவார்.

இவை அனைத்துக்கும் பஞ்சாயத்தின் ஆண்டுத் திட்டத்திலிருந்தே நிதி வந்தது. அடுத்த ஆண்டுத் திட்டத்தைக் கிராம சபை ஏற்க வேண்டும். அதற்கு நூறு பேராவது வந்து கையெழுத்திட வேண்டும். சென்ற மாதக் கூட்டம் ஆள் சேராமல் கலைந்தது. இன்று மாலைக்குள் தீர்மானம் மாவட்ட அலுவலகத்தைச் சேராவிட்டால், ஏப்ரலிலிருந்து மையம் மூடப்படும்; வேனும் நிற்கும்.

மாயாபந்தரில் கப்பல் வரும் நாளில் எவரும் கூட்டம் வைப்பதில்லை. செயலர் சிவபிரகாஷும் அந்த வழக்கத்தை மதித்தே தேதி குறித்திருந்தார். ஆனால், வானிலை எச்சரிக்கையால் சனிக்கிழமைக் கப்பல் வியாழனுக்கு முன்தள்ளப்பட்டிருந்தது.

“நான் ஷெட்யூல் பார்த்துட்டுத்தான் தேதி வச்சேன்” என்றார் சிவபிரகாஷ்.

“நீங்க பார்த்தீங்க சார். கப்பல் உங்க ஷெட்யூலப் பார்க்கலியே!” என்றார் கஸ்பார். பிறகு பஞ்சாயத்துத் தலைவரான பிரதான் பானுவின் பக்கம் திரும்பினார். “மேடம், ஊரே துறைமுக ஜெட்டியில நிக்கி. கப்பலு இன்னும் வரல. சனம் இங்க வராது, நாம அங்க போவோம். ரிஜிஸ்டர எடுங்க.”

“நோட்டீஸ்ல மண்டபம்னு போட்டிருக்கே” என்று இழுத்தார் செயலர்.

“இடத்தை மாத்த எனக்குப் பவர் இருக்கா, இல்லையா?” என்று கேட்டார் பானு.

“இருக்கு மேடம். காரணம் எழுதணும்.”

“எழுதுங்க. ஜனம் அங்க இருக்குன்னு எழுதுங்க. சலோ!”

பதினொரு படிகளில் ஏற்றிய பதினெட்டுப் பேரையும் கஸ்பார் மீண்டும் இறக்கினார். மூன்று நடைகளில் அனைவரும் துறைமுகக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தனர். அங்கே படியே இல்லை. சக்கர நாற்காலிகள் யாரும் தூக்காமலே உருண்டு உள்ளே சென்றன. பாக்கு மூட்டைகளுக்கும் கோழிக் கூடைகளுக்கும் நடுவே ஏறக்குறைய இருநூறு பேர் நின்றிருந்தனர்.

“அரே கஸ்பார் பாய், சப்கோ போர்ட் பிளேர் லே ஜா ரஹே ஹோ?” என்று ஒரு வங்காளச் சுமைதூக்கி சிரித்தார். எல்லாரையும் போர்ட் பிளேருக்கா கூட்டிப் போகிறாய் என்பது அவர் கேள்வி.

“நஹி பாய், கிராம் சபா! ஆவோ, சைன் கரோ!” என்று அவரையும் கையெழுத்திட அழைத்தார் கஸ்பார்.

பானு ஒரு மூட்டையின்மேல் ஏறி நின்று, ஹிந்தியில் திட்டத்தைப் படித்தார். செயலர் வாக்காளர் பட்டியலோடு பெயர்களை ஒத்துப்பார்த்துக் கையெழுத்து வாங்கினார். ஐம்பது, அறுபத்திரண்டு, எழுபத்தொன்பது! எண்பத்து நான்காவது பெயரை எழுதும்போது கப்பலின் சங்கு ஊதியது. கூட்டம் அப்படியே கப்பலுக்குச் செல்லும் வாயிலை நோக்கித் திரும்பியது.

வாயிலில் நாகரத்தினம் இருந்தார். அவருக்கு இருபுறமும் மேலும் இரண்டு சக்கர நாற்காலிகள். வழி அடைபட்டுவிட்டது.

“வழி விடுங்க தாத்தா, கப்பல் வந்தாச்சு!” என்று ஓர் இளம்பெண் பதறினாள்.

“கப்பலக் கட்டி முடிக்கக் கால்மணி நேரம் ஆகும்மா. கையெழுத்துக்கு அரை நிமிஷம். இல்ல, என் மேல ஏறித்தான் போவேன்னா போ. இந்தக் காலுக்கு ஒண்ணும் வலிக்காது.”

அவள் சிரித்துவிட்டுத் திரும்பி ஓடினாள். எண்பத்தைந்து!

கஸ்பார் கூட்டத்துக்குள் புகுந்தார். ஒவ்வொரு வீடும் அவருக்குத் தெரியும். “ஏ முனியாண்டி! ஒம் மாமியார வாரத்துல மூணு நாளு யாரு கூட்டிட்டுப் போறா? ஏப்ரல்ல இருந்து நீயே தூக்கு, என்ன?”

“ஐயையோ, எங்கண்ணே அந்த நோட்டு?” என்று முனியாண்டி பாய்ந்தார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவர் பின்னாலேயே இருபத்தைந்து, முப்பது பேர் செயலரைச் சூழ்ந்தனர். கப்பலின் கயிறு கரையில் விழுந்தபோது செயலர் எழுந்து நின்று கத்தினார்: “நூத்திப் பன்னெண்டு!”

“மையம் தொடரணும்னு சொல்றவங்க கை தூக்குங்க!” என்றார் பானு. ஒரு கையில் மூட்டை, மறு கை வானில். கோழிக் கூடை வைத்திருந்தவர் கூடையையே உயர்த்தினார். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. தீர்மானம் நிறைவேறியது, நாற்காலிகள் விலகின, பயணிகள் கப்பலை நோக்கி ஓடினர். நாகரத்தினம் தம் இரு உள்ளங்கைகளாலும் சக்கரங்களில் தாளம் தட்டினார்.

கஸ்பார் வேனின் பின்கதவைத் திறந்து, முதல் நடைக்கு ஆறு பேரை ஏற்றத் தொடங்கியிருந்தார். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. நான் அருகில் சென்று கேட்டேன்: “மழையில் இத்தனை பேரையும் இங்கே கொண்டு வந்துவிட்டீர்களே, நூறு பேர் சேராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?”

“திரும்பக் கொண்டுபோயி வீட்டுல விட்டுருப்பேன் சார். சாப்பாட்டு நேரம் ஆயிட்டுல்லா.”