ஹார்ட் டிஸ்க் தெரிந்த பிறகு

பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைகளுக்குக் குறைவில்லை. பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. நான் வேலை செய்த கடையின் முதலாளிக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டே. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக சிஸ்டம் போடுவார். அது நடக்காவிட்டால் "டிஸ்க் போச்சு" என்பார். சொல்லும் தோரணையைப் பார்த்தால் பெரிய ஸ்பெஷலிஸ்ட் என்று நினைப்பீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் காலை கிள்ளானிலிருந்து ஓர் ஆன்டி, லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரயிலேறி வந்தார். திறந்தால் நீலத் திரையோடு நின்றுவிடுகிறதாம். முதலாளி சிஸ்டம் போடும் பென்டிரைவைச் சொருகினார். எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கும் திரை வந்தது, பட்டியல் காலி.

"போச்சு லா ஆன்டி. டிஸ்க் செத்துப்போச்சு. புதுசுதான் போடணும்."

ஆன்டி விஷயத்தைச் சொன்னார். அவர் எடுத்து வளர்த்த பெண்ணுக்கு இன்னும் நீல ஐசி, அதாவது குடியுரிமை அடையாள அட்டை, இல்லை. பிள்ளையைத் தத்துக் கொடுப்பதாகப் பெற்றவள் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதம் வெள்ளத்தில் போய்விட்டது. அதை ஸ்கேன் செய்து வைத்திருந்தது இந்த லேப்டாப்பில் மட்டும். அடுத்த வாரம் பதிவு இலாகாவில் நேர்முகம், அங்கே அந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும். இவ்வளவு முக்கியமானதை ஒரே இடத்தில் வைத்திருந்தாரே என்று அவர் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது. அந்த வயதில் நான் எல்லோரையும் மட்டமாகத்தான் நினைத்தேன்.

முதலாளி வாழையிலைச் சோறு சாப்பிடக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும், "உக்காருங்க ஆன்டி, டிஸ்க் ஒன்னும் சாகல" என்றேன்.

சாகவில்லைதான். அந்த மாதிரி லேப்டாப்பில் டிஸ்க் ஒரு கண்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும். அதை இயக்கும் டிரைவர் என்ற சின்ன மென்பொருள் பென்டிரைவில் இல்லாவிட்டால், டிஸ்க் நன்றாக இருந்தாலும் பட்டியலில் வராது. டிரைவரைத் தேடி இறக்கி அதே திரையில் ஏற்றினேன். பத்தே நிமிடம். டிஸ்க் முழுசாக வந்து நின்றது. அதற்குமேல் அந்தத் திரையில் எனக்கு வேலையில்லை. மூடிவிட்டு, ஃபைல்களை வேறு டிஸ்குக்கு நகலெடுத்தால் போதும்.

மூடவில்லை. முதலாளி வந்து பார்க்க வேண்டும் என்று அப்படியே வைத்திருந்தேன். ஆன்டி இரண்டு முறை, "எடுத்தாச்சாப்பா?" என்று கேட்டார். "இருங்க ஆன்டி" என்றேன்.

முதலாளி பல் குத்திக்கொண்டே வந்தார். திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"பாருங்கண்ணே, செத்துப்போன டிஸ்க். டிரைவர் போடத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். எத்தன பேர் டிஸ்க இப்படித் தூக்கிப் போட வெச்சீங்க?"

அவர் முகம் சுருங்குவதைத் தின்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் என் முகத்தை விட்டுத் திரைக்குப் போனது. நானும் பார்த்தேன். டிஸ்க் தெரிந்ததும் தேர்ந்தெடு, அழி, சரி, அடுத்து. தினமும் பத்துப் பதினைந்து தடவை செய்கிற வேலையை, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மவுஸில் இருந்த என் கை செய்து முடித்திருந்தது. புது சிஸ்டம் ஏறிக்கொண்டிருந்தது.

நிறுத்தினேன். அழிந்த ஃபைல்களை மீட்கும் மென்பொருள்கள் மூன்றை ஓட்டிப் பார்த்தேன். கடிதம் வரவில்லை.

சாயங்காலம் ஆன்டி எழுந்து கவுண்டருக்கு வந்தார். நான் வாயைத் திறக்குமுன் முதலாளி முந்திக்கொண்டார். "அப்பவே சொன்னேன் ஆன்டி. கொஞ்ச நேரம் தெரிஞ்சிச்சு, திரும்பப் போயிருச்சு. டிஸ்க் செத்துப்போச்சு." என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆன்டி லேப்டாப்பைத் துண்டில் சுற்றினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒருத்தன்தான்ப்பா இவ்ளோ மெனக்கெட்டுப் பாத்த. நல்லா இருப்ப."

"பரவால்ல ஆன்டி" என்றேன்.