பதினோரடிக் குசினி

போன கிழமை மகளின் வளவில் வீட்டுக்கு அத்திவார நூல் அடித்தார்கள். படம் கீறிய தம்பி கடதாசியை விரித்து, "அம்மா, குசினி எத்தனை அடி வேணும்?" என்று என்னிடம் கேட்டான். எங்கள் அம்மாவிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

கிளிநொச்சி ரவுணுக்குச் சற்று வெளியே எங்கள் கல்வீடு எழும்பியபோது எனக்கு எட்டு வயது. அந்த நாளில் படமும் இல்லை, கடதாசியும் இல்லை. அப்பாவும் விசுவமடுவிலிருந்து சைக்கிளில் வரும் மேசனும் தடியால் மண்ணில் கீறினார்கள். அதுதான் வீடு. அறைகளின் அடிக்கணக்கு மட்டும் பஞ்சாங்கத்தில் சொன்ன நல்ல எண்ணில் விழவேண்டும். ஹோல் பதினேழு, குசினி பத்து. அம்மியை வைத்தால் திரும்ப இடமிராது என்று அம்மா ஒருமுறை சொன்னார். நாலு பேர் வந்து இருப்பது ஹோலில்தானே என்றார் அப்பா. அதற்குப் பிறகு அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். விரதநாள் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அத்திவாரம் வெட்டுவதற்கு முதல்நாள் பின்னேரம், கீறின கோட்டில் முளைக்குச்சி நட்டுக் கட்டியிருந்த நூலுக்குள் ஓடி விளையாடினேன். ஹோலையும் குசினியையும் பிரிக்கிற நூல் காலில் தடக்கி, அதன் ஒரு முளை கழன்று வந்தது. பதறிப்போய் இருந்த இடமென்று நினைத்த இடத்தில் குத்திவிட்டு ஓடிவிட்டேன்.

அத்திவாரக் கல் கட்டி முடிந்தபின்தான் அப்பா அளந்து பார்த்தார். ஹோல் பதினாறு, குசினி பதினொன்று.

"நீர் என்ன, கண்ணை மூடிக்கொண்டோ வெட்டினனீர்?"

"அண்ணை, முளை நிண்ட இடத்திலைதான் வெட்டினனான்."

அப்பா கேட்கவில்லை. நாளைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார். மேசன் சாந்தகப்பையைக் கழுவிச் சைக்கிளில் கட்டினார். நான் வேப்பமரத்தடிப் பிள்ளையாரிடம் போய்த் தோப்புக்கரணம் போட்டேன். அப்படியும் மனம் ஆறவில்லை. அழுதுகொண்டே வந்து அப்பாவிடம் முளை கழன்றதைச் சொன்னேன்.

அவர் கை ஓங்குவதற்குள் அம்மா பஞ்சாங்கத்துடன் வந்துவிட்டார்.

"பிள்ளையை விடுங்கோ. பதினாறும் நல்ல எண், பதினொண்டும் நல்ல எண். இது பிள்ளையார் காட்டின அளவு."

அப்பா அந்தப் பக்கத்தை இரண்டுதரம் வாசித்தார். பிறகு, நாளைக்கு நேரத்தோடு வரும்படி, சைக்கிளை உருட்டத் தொடங்கிய மேசனிடம் சொன்னார். "உங்கட மகள் என்னைவிடக் கெட்டிக்கார மேசன்," என்று அவர் சிரித்தார். அம்மா அவருக்குச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். எனக்கு அன்று மோதகம் அவித்தார். குற்றம் செய்தவளுக்கு மோதகம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீடு இல்லை, அத்திவாரம் மட்டும் கிடந்தது. அம்மாவும் அப்போது இல்லை. ஹோலையும் குசினியையும் பிரித்த சுவர் நின்ற கல்லின்மேல் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை நடந்தேன். கோடு பிடித்ததுபோல நேராக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஒரு நூலுக்கு முளை இரண்டு. நான் கழற்றியது ஒன்றைத்தான். என்னால் வந்த பிழையென்றால் சுவர் கோணலாகப் போயிருக்க வேண்டும். அம்மா அன்று பஞ்சாங்கத்தில் பார்த்தது விரதநாள் அல்ல.

சின்ன வயதில் எல்லாம் பிள்ளையாரின் வேலை என்றே நம்பியிருந்தேன். இன்றும் அவரை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அவர் அன்றைக்குத் தனியாக வேலை செய்யவில்லை.

"பதினோரடி போடு தம்பி," என்றேன்.