தங்க எழுத்து அட்டை

“…அம்மா அதுவும் பட்டுப் பொடவ கட்டிக்கிட்டு வராங்க மச்சான். அட்டைய துண்டுல சுத்தி மடியில வெச்சிருக்காங்களாம். பஸ்ஸு புதுச்சத்திரம் தாண்டிருச்சாம்.”

செல்லை என் மேஜைமேல் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டைப்பிங், பைண்டிங் கடையில் நான் வேலை பார்த்த காலம் அது. பள்ளியோடு நின்றவன் நான். பக்கத்தில் இருந்து பார்த்தே கம்ப்யூட்டர் கைவந்தது. வருகிற பல்கலைக்கழகப் பிள்ளைகளின் பேச்சு எனக்கு அவ்வளவு பிடிக்கும். “தலையில முடிஞ்சிருச்சுண்ணா, கையிலதான் பாக்கி” என்பான் ஒருத்தன். “திங்கக்கெழம எழுத உக்காந்துருவேன்” என்பாள் இன்னொருத்தி.

முகத்தைப் பொத்தி உட்கார்ந்திருந்த இவன் கடலூர் முதுநகர்ப் பையன், எம்.ஏ. கடைசி வருஷம். என் வயசுதான், அதனால் மச்சான்.

ப்ராஜெக்ட் சீசனில் ஆய்வேட்டு அட்டையில் பெயரைத் தங்க எழுத்தில் அடிக்க நாளாகும். அதனால் அட்டையை முன்னாலேயே செய்து கொடுத்துவிடுவோம், தாள்களை அப்புறம் வைத்து ஒட்டிக்கொள்ளலாம். இவனும் பொங்கல் முடிந்ததுமே வாங்கிப்போனான். அம்மா அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். “பேப்பரெல்லாம் சார்கிட்ட இருக்கும்மா” என்று சொல்லி வைத்திருந்தான். உண்மையில் ஒரு பக்கம்கூட இல்லை.

எழுதத்தான் வருவான். ஒரு பத்தி அடிப்பான், படிப்பான், அழிப்பான். “எழுதிட்டா நான் எவ்ளோ மட்டம்னு தெரிஞ்சிரும்டா. எழுதாத வரைக்கும் எழுதக்கூடியவன்னாவது நெனைப்பாங்கல்ல?” என்று ஒருநாள் கேட்டான். 

கெடு முந்தின நாளோடு முடிந்திருந்தது. வீட்டு ஆளைக் கூட்டிவந்து கடிதம் எழுதிக் கொடுத்தால் ஒரு மாதம் கிடைக்கும், இல்லாவிட்டால் வருஷம் போச்சு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இவனோ அம்மாவிடம், “சார் உன்னப் பாக்கணுங்கறாரு” என்பதோடு நிறுத்திக்கொண்டான். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று அம்மா எடுத்துக்கொண்டார்கள்.

“எறங்குனதும் சொல்லிரு மச்சான். சார் வாயால கேட்டா தாங்க மாட்டாங்க” என்றேன்.

“யுனிவர்சிட்டி வாசல்ல போயி சொல்லிக்கலாம்டா.”

“இதையுமா தள்ளிப்போடுற?”

அவன் எழுந்து நடந்தான், நானும் கூடவே போனேன். கடலூர் பஸ் உள்ளே வந்து நின்றது. பட்டு கசங்கி, தலையில் கனகாம்பரம் வாடி, அம்மா இறங்கினார்கள். அங்கேயே துண்டைப் பிரித்தார்கள்.

“சார் கையில நீ குடுக்கறியா, நான் குடுக்கவா தம்பி?”

அட்டையில் மின்னிய தன் பெயரைப் பார்த்தபடி நின்றான்.  பிறகு அதை வாங்கி, பஸ் ஸ்டாண்டு நடுவே இரண்டு பக்கமும் அகல விரித்து, ஒன்றுமே இல்லாத உள்பக்கத்தை அம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்தான்.

“சார்கிட்டயும் ஒண்ணும் இல்லம்மா” என்றான். விரித்த கையை மடக்கவில்லை.