பென்சிலில் எழுதியிருந்த கொலைகாரன்

எண்பதுகளில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. அங்கே வருகிற சில பாவிகளுக்கு, துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று எழுதிவைக்கிற புத்தி.

ஒருநாள் அடித்தட்டில் அட்டை கிழிந்த பழைய மர்ம நாவல் ஒன்று அகப்பட்டது. "அதை யாருமே எடுக்கறதில்ல சார்," என்றார் நூலகக்காரர். எனக்கு ஆசை கூடியது. மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும் மின்சார ரயிலில் உட்கார்ந்து பிரித்தால், முதல் பக்கத்தில் பென்சிலால் 'டாக்டர்தான்' என்று எழுதியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருந்தாலும் விடவில்லை. நான்கு நாள் போகவர ரயிலிலேயே படித்தேன். ரத்தக்கறை படிந்த கையுறை, ஒளித்துவைத்த கடிதம், சொன்ன பொய்கள் எல்லாமே டாக்டரைத்தான் காட்டின. எழுதிவைத்தவனைத் திட்டிக்கொண்டே, எழுத்தாளரின் சாமர்த்தியத்தை மெச்சினேன்.

நான்காம் நாள் மாலை, வண்டி பல்லாவரம் தாண்டும்போது கடைசி அத்தியாயம். அதுவரை ஒரு வரியில்கூடத் தலைகாட்டாத, செத்தவரின் தம்பி ஒருவன் ரங்கூனிலிருந்து வந்து இறங்கி, "நான்தான் கொன்றேன்" என்றான். கையுறைக்கும் கடிதத்துக்கும் ஒரு விளக்கமும் இல்லை. இருநூறு பக்கம் நம்பவைத்து நடுத்தெருவில் விட்டுவிட்டார் அந்த எழுத்தாளர்.

திருப்பிக் கொடுத்தபோது நூலகக்காரர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு ரப்பரைத் தேடினார். "மன்னிச்சுக்குங்க சார், எவனோ கிறுக்கிட்டான்."

"அழிக்காதீங்க," என்றேன். "இந்தக் கதையை ஒழுங்கா முடிச்சது அந்த ஆள் ஒருத்தர்தான்."